ஆராதனையில் இடைவிடாமல் நிலைத்திருக்க

தானியேலைச் சிக்கவைப்பதற்காக அவருடைய எதிரிகள் தரியு ராஜாவிடம் கையெழுத்து வாங்கிய கட்டளை முப்பது நாட்களுக்கு மட்டுமே உரியது. அந்த நாட்களுக்குள் ராஜாவைத் தவிர வேறு எந்தத் தேவனிடமும் மனிதனிடமும் விண்ணப்பம் செய்பவன் சிங்கங்களின் கெபியிலே போடப்படுவான் என்பது அதன் சாரம். ஒரு மாதம் பலகணியைச் சாத்திக்கொண்டு மனதுக்குள் ஜெபித்திருந்தால் தானியேல் தப்பியிருக்கலாம். முப்பத்தோராம் நாள் பழைய ஒழுங்கைத் திரும்பத் தொடங்கியும் இருக்கலாம். அவரோ, கட்டளையில் கையெழுத்தானதை அறிந்தபின்பும் வீட்டுக்குப் போய், எருசலேமுக்கு நேராகப் பலகணிகள் திறந்திருந்த மேலறையில், முன்பு செய்துவந்தபடியே தினம் மூன்று வேளையும் முழங்காற்படியிட்டுத் தேவனுக்கு ஸ்தோத்திரம் செலுத்தினார் (தானியேல் 6:10). ஆபத்து வந்த அன்று அவர் புதிதாக எதையும் தீர்மானித்ததாக வேதம் சொல்லவில்லை. தீர்மானம் பல ஆண்டுகளுக்கு முன்பே முடிந்திருந்தது. அன்றும் அது நின்றுபோகவில்லை, அவ்வளவே.

நம்மில் பெரும்பாலோர் ஆராதனையை விட்டு விலகுவது சிங்கத்துக்குப் பயந்து அல்ல. "இந்த வாரம் மட்டும்" என்ற சொல்லில்தான் விலகல் தொடங்குகிறது. இன்று அசதி, அடுத்த வாரம் விருந்தினர், அதற்கடுத்த வாரம் பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று நியாயமாகத் தோன்றும் காரணங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகும். எந்த ஞாயிறன்றும் "இனிமேல் நான் போவதில்லை" என்று இப்படி விலகிப்போகும் மனிதர் முடிவு செய்திருக்கமாட்டார். ஆனாலும் ஓராண்டு கழித்துப் பார்த்தால் சபை அவருக்கு அந்நியமாகிவிட்டிருக்கும். இது நேராதபடி வாழ்வை எப்படி ஒழுங்குசெய்வது என்பதையே இங்கு எழுத விரும்புகிறேன். ஓய்வுநாளாகச் சனிக்கிழமையை ஆசரிக்கும் சபைகளைச் சேர்ந்தவர்கள், ஞாயிறு என்று வரும் இடங்களில் தங்கள் நாளை வைத்துப் படித்துக்கொள்ளலாம்.

கேள்வியை ஒரே முறை தீர்த்துவிடுங்கள்

முதலில் செய்யவேண்டியதும் மிக முக்கியமானதும் இதுதான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையும் "இன்று போகலாமா?" என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்பவர், ஆண்டுக்கு ஐம்பத்திரண்டு முறை அந்தப் போராட்டத்தை நடத்துகிறார். அரைத்தூக்கத்தில் இருக்கும் மனதிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால், வரும் பதில் பெரும்பாலும் உடலுக்குச் சாதகமாகவே இருக்கும். ஆகவே தெளிவான மனதோடு இருக்கும் ஒரு நாளில், தேவனுக்கு முன்பாக ஜெபித்து, "கர்த்தருடைய நாளில் நான் சபையோடு இருப்பேன், என்னால் எழுந்து போக இயலாத நிலையும், என்னையன்றி உதவிக்கு ஆளில்லாத ஒருவரின் அவசரமும் தவிர வேறெதுவும் இதை மாற்றாது" என்று தீர்மானியுங்கள். அதை எழுதி வையுங்கள். குடும்பத்தாரிடம் சொல்லுங்கள். அதன்பின் ஞாயிறு காலையில் எத்தனை மணிக்குப் புறப்படுவது என்ற கேள்வி மட்டுமே மிஞ்சவேண்டும்.

இப்படிச் செய்வது ஆராதனையை வெறும் பழக்கமாக்கிவிடாதா என்று சிலர் கேட்பார்கள். நம்முடைய ஆண்டவரைப் பற்றி லூக்கா எழுதும்போது, அவர் "தமது வழக்கத்தின்படியே" ஓய்வுநாளில் ஜெப ஆலயத்துக்குள் பிரவேசித்தார் என்றே எழுதுகிறார் (லூக்கா 4:16). நாசரேத்தின் ஜெப ஆலயம் அவருக்கு இசைவான இடமாக இருக்கவில்லை. அன்றே அங்கிருந்தவர்கள் அவரைச் செங்குத்தான மலைச்சரிவிலிருந்து தள்ளிவிடப் பார்த்தார்கள். பிதாவோடு இடையறாத ஐக்கியத்தில் இருந்தவர், குறையுள்ள மனிதர்களோடு கூடி வேதவாசிப்பைக் கேட்கும் வழக்கத்தைக் கைவிடவில்லை என்றால், நமக்கு அந்த வழக்கம் எவ்வளவு தேவை என்பதை நாமே உணர்ந்துகொள்ளலாம்.

தடையையும் சாக்கையும் பிரித்தறியுங்கள்

பெரிய விருந்து உவமையில் அழைக்கப்பட்டவர்கள் "எல்லாரும் போக்குச்சொல்லத்" தொடங்கினார்கள் (லூக்கா 14:18). ஒருவன் வயல் வாங்கியிருந்தான். இன்னொருவன் ஐந்தேர் மாடு வாங்கியிருந்தான். வேறொருவன் பெண்ணை விவாகம் செய்திருந்தான். இவற்றில் ஒன்றும் பாவமல்ல என்பதைக் கவனிக்கவேண்டும். நிலமும் தொழிலும் குடும்பமும் தேவன் கொடுத்த நன்மைகளே. வயலை மறுநாள் பார்த்திருக்கலாம், மாடுகளை மறுநாள் சோதித்திருக்கலாம்; விருந்தின் நேரம் வந்தபோது மட்டும் அவை அவசரமாயின. சாக்குப்போக்கு பெரும்பாலும் பொய்யாக இருப்பதில்லை. உண்மையான ஒரு காரியம் தனக்கு உரியதல்லாத இடத்தைப் பிடித்துக்கொள்வதே அதன் இயல்பு. நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது இவ்வளவு எளிதாவதும் அதனால்தான்.

ஆகையால் காரணம் உண்மையா என்று கேட்பதைவிட வேறு சில கேள்விகளைக் கேட்பது பயன்தரும். இதே உடல்நிலையோடு நாளை வேலைக்குப் போவேனா? இதே தூரத்தில் நெருங்கிய உறவினர் வீட்டுத் திருமணம் என்றால் பயணம் செய்வேனா? இந்த வேலையை முந்தின நாளிலோ பிற்பகலிலோ முடிக்க முயன்றேனா? இவற்றுக்கு மனச்சாட்சி கொடுக்கும் பதில் பொதுவாகப் போதுமானது.

அதே நேர்மையோடு மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். படுக்கையில் இருப்பவரும், தனியே விடமுடியாத நோயாளியைப் பேணுபவரும், கைக்குழந்தையோடு இரவெல்லாம் விழித்த தாயும், உயிர்காக்கும் பணியில் அந்த மணிநேரத்தில் நிற்பவரும் ஆராதனையைப் புறக்கணித்தவர்கள் அல்லர். ஞாயிறு திருப்பலியில் பங்கேற்பதைக் கடமையாக விதிக்கும் கத்தோலிக்கத் திருச்சபையும், நோய், குழந்தைகளைப் பேணுதல் போன்ற தக்க காரணங்கள் உள்ளவர்களை அக்கடமையிலிருந்து விலக்குகிறது. முந்தின நாள் மாலைத் திருப்பலியில் பங்கேற்றாலும் கடமை நிறைவேறியதாக ஏற்கிறது. "பலியையல்ல இரக்கத்தையே விரும்புகிறேன்" என்று நம் ஆண்டவர் மேற்கோள் காட்டிய வார்த்தையை மறந்துவிட்டு, வர இயலாதவர்களைக் குற்ற உணர்வில் தள்ளுவது ஆராதனைக்கு உண்மையாயிருப்பதன் பாகம் ஆகாது.

வேலை என்னும் காரணம்

ஞாயிறு விடுமுறை நாளாயிருப்பது கிறிஸ்தவ ஆராதனையின் தொடக்கத்திலிருந்தே இருந்த வசதி என்று பலர் எண்ணுகிறார்கள். கான்ஸ்டன்டைன் பேரரசர் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வுநாளாக்கிக் கட்டளையிட்டது 321ஆம் ஆண்டில்தான். அப்போதும் விவசாயிகளுக்கு அதிலிருந்து விலக்கு இருந்தது. அதற்கு முன் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள், பலர் அடிமைகளாயும் கூலியாட்களாயும் இருந்த சபையார், வேலைநாள் ஒன்றிலேயே ஆராதித்தார்கள். சுமார் 112ஆம் ஆண்டில் பித்தினியா நாட்டின் ஆளுநராயிருந்த பிளினி, பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடிவந்து கிறிஸ்துவைத் தேவனாகப் பாடித் துதிப்பதாகவும், களவும் விபசாரமும் செய்வதில்லை, கொடுத்த வாக்கை மீறுவதில்லை என்று உறுதியெடுத்துக்கொள்வதாகவும் குறிப்பிடுகிறார். இவர்கள் வேலை தங்களுக்கு நேரம் ஒதுக்கித் தரும் என்று காத்திருக்கவில்லை. வேலை தொடங்குவதற்கு முன்பே எழுந்தார்கள்.

முறைவேலை செய்பவர்கள் இதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு. மாதத்தின் வேலைநேரப் பட்டியல் வந்தவுடன் ஆராதனை நேரங்களை அதோடு ஒப்பிட்டுப் பார்த்து, மோதும் வாரங்களை அன்றே குறித்துக்கொள்ளுங்கள். உடன்பணியாளரோடு முறைமாற்றம் கேட்பதானால் முந்தின நாள் இரவில் கேட்காமல் இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே கேளுங்கள், அவருக்கு வேண்டிய நாளில் நீங்களும் விட்டுக்கொடுங்கள். உங்கள் சபையில் அதிகாலை அல்லது மாலை ஆராதனை இருந்தால் அதற்குச் செல்லுங்கள். இல்லையென்றால் அருகிலுள்ள வேறொரு சபையின் வேளையை விசாரித்து வையுங்கள். எந்த முறையிலும் சமாளிக்க இயலாத ஞாயிறுகள் இருக்குமானால், அந்த வாரத்தின் இடைநாள் ஜெபக்கூட்டத்தையோ வீட்டுக் கூடுகையையோ மாற்றாக முன்கூட்டியே நிர்ணயித்துக்கொள்ளுங்கள். மேலதிக ஊதியத்துக்காக மட்டும் விருப்பத்தோடு ஏற்றுக்கொள்ளும் ஞாயிறு வேலையைத் தடை என்று சொல்வதற்கில்லை, அது தெரிவு.

சனிக்கிழமை இரவிலேயே தொடங்குங்கள்

ஞாயிறு காலை கைநழுவுவது பெரும்பாலும் சனிக்கிழமை இரவில்தான். படுக்கைக்குப் போகும் நேரம், மறுநாள் உடை, வேதாகமம், காணிக்கை, வாகனத்துக்கான ஏற்பாடு, காலை உணவு ஆகிய எல்லாவற்றையும் முந்தின மாலையே தீர்த்துவிடவேண்டும். முதலாம் நாள்தோறும் அவரவர் தம் வரவுக்குத் தக்கதைச் சேர்த்து வைக்கும்படி பவுல் கொரிந்தியருக்கு எழுதியதில் (1 கொரிந்தியர் 16:2) காணிக்கையும் அவசரத்தில் தேடி எடுக்கும் காரியமல்ல என்ற எண்ணம் அடங்கியிருக்கிறது. கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைப்பது சிறிய ஒழுங்குதான். ஆனால் பின்னிரவுவரை விழித்திருப்பதைத் தடுக்க இதைவிடப் பயனுள்ள வழி குறைவு. படிக்கப்போகும் வேதபாகம் முன்னமே தெரியுமானால் அன்றிரவு அதைக் குடும்பமாக ஒருமுறை வாசியுங்கள். அறிந்த பாகம் மறுநாள் வாசிக்கப்படும்போது பிள்ளைகளும் நிமிர்ந்து கேட்பார்கள்.

சிறு பிள்ளைகள் உள்ள பெற்றோருக்கு இன்னொரு வார்த்தை. பிள்ளை அழுகிறது, ஓடுகிறது, மற்றவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பதற்காகச் சில ஆண்டுகள் ஆராதனையை நிறுத்திவைத்து, பிள்ளை வளர்ந்தபின் தொடரலாம் என்று எண்ணவேண்டாம். அந்த ஆண்டுகளில்தான் சபை தன் வீடு என்ற உணர்வு பிள்ளைக்குள் விழுகிறது. ஒருவர் உள்ளே இருக்கும்போது மற்றவர் குழந்தையோடு வெளியே நிற்பது, அடுத்த வாரம் மாறிக்கொள்வது என்று ஒழுங்கு செய்தால் இருவரும் தப்பாமல் வரலாம். திரும்பிப் பார்க்கும் மூத்தவர்களும், அந்தப் பெற்றோர் வந்திருப்பதற்காகத் தேவனுக்கு நன்றி சொல்லக் கற்றுக்கொள்ளவேண்டும்.

மற்ற ஆறு நாட்கள்

வாரம் முழுவதும் ஜெபிக்காதவருக்கு ஞாயிறு ஆராதனை அந்நிய மொழியில் நடப்பதுபோல் இருக்கும். தினமும் குறித்த நேரம், குறித்த இடம், குறித்த அளவு என்ற மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். அளவைக் குறைவாக வைப்பது நல்லது: காலையில் ஒரு சங்கீதமும் நற்செய்தியிலிருந்து ஒரு பத்தியும் கர்த்தர் கற்பித்த ஜெபமும் பத்து நிமிடத்துக்குள் முடியும், களைத்த நாளிலும் அதைக் கைவிடத் தேவையிராது. நாளொன்றுக்கு ஐந்து சங்கீதங்கள் வாசித்தால் ஒரு மாதத்தில் நூற்றைம்பதும் நிறைவேறும் என்பது பழைய பக்தர்களின் நல்ல கணக்கு. ஆனால் தொடக்கத்தில் அதைச் சுமக்கவேண்டாம். ஒருநாள் தவறினால், தவறிய பாகங்களைச் சேர்த்து வாசித்து ஈடுகட்ட முயலாமல் அன்றைக்குரியதை மட்டும் வாசியுங்கள். சேர்ந்துபோன பாக்கியைக் கண்டு மலைத்து மொத்தத்தையும் விட்டவர்கள் அநேகர்.

உணர்ச்சி வற்றும்போது

இதைக் குறித்துச் சற்று நீண்டு எழுதவேண்டியிருக்கிறது, ஏனெனில் நீண்ட காலம் உண்மையாயிருந்தவர்களும் இங்கேதான் தளர்கிறார்கள். பாட்டில் உருக்கமில்லை, பிரசங்கம் காதில் விழுகிறதே தவிர உள்ளே இறங்குவதில்லை, உதடுகள் மட்டும் அசைகின்றன. இப்படியிருக்க வருவது மாய்மாலமல்லவா, மனம் திரும்பவும் சூடேறும்வரை விலகியிருப்பது அல்லவா நேர்மை என்று ஒரு குரல் உள்ளே பேசும். அந்தக் குரல் நேர்மையின் மொழியில் பேசுவதால் ஆபத்தானது.

மாய்மாலம் என்பது இல்லாத பக்தியை மனிதருக்குக் காண்பிப்பது. வறண்ட இருதயத்தோடு வந்து, "ஆண்டவரே, என்னிடம் இன்று கொடுக்க ஒன்றுமில்லை, ஆனாலும் வந்திருக்கிறேன்" என்று தேவனிடம் சொல்வது அதற்கு நேர் எதிரானது. நாற்பத்திரண்டாம் சங்கீதத்தைப் பாடியவர், தம் ஆத்துமா கலங்கியிருப்பதையும், "உன் தேவன் எங்கே" என்று பிறர் கேட்பதையும், முன்பு பண்டிகை கொண்டாடும் கூட்டத்தோடு தேவாலயத்துக்குப் போனதையும் நினைத்துத் தம் உள்ளத்தை ஊற்றுகிறார். அந்த வறட்சியே சபையின் பாட்டாகிவிட்டது. ஆராதனைக்கு உரியவர் தேவன். நம் உணர்ச்சி கூடினாலும் குறைந்தாலும் அவருக்குச் செலுத்தவேண்டிய கனம் மாறுவதில்லை.

வறண்ட காலத்தில் செய்யக்கூடியவை சில உண்டு. சொந்த வார்த்தைகள் வராவிட்டால் சங்கீதங்களையும் சபையின் ஜெபப் புத்தகத்தையும் வாய்விட்டு வாசியுங்கள். உங்களுக்குப் பதிலாகச் சபை பேசட்டும். முன்வரிசைக்கு வந்து உட்காருங்கள். கதவோரம் உட்காருபவரின் மனம் பாதிநேரம் வெளியே இருக்கும். நாற்காலி ஒழுங்குபடுத்துவது, வேதம் வாசிப்பது, புதிதாக வருபவரை வரவேற்பது என்று ஒரு சிறு பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். நம் வரவை ஒருவர் எதிர்பார்த்திருக்கிறார் என்பது, மனம் சோர்ந்த காலையிலும் கால்களை நடக்கவைக்கும். வறட்சியோடு தூக்கமின்மையும் பசியின்மையும் எதிலும் நாட்டமின்மையும் வாரக்கணக்கில் தொடர்ந்தால், மருத்துவரையும் போதகரையும் பாருங்கள். அது விசுவாசக் குறைவாக இல்லாமல் நோயாகவும் இருக்கலாம்.

தோமாவின் நிகழ்வையும் இங்கே எண்ணிப்பார்க்கலாம். உயிர்த்தெழுந்த நாளின் மாலையில் இயேசு வந்தபோது அவன் சீஷரோடு இருக்கவில்லை (யோவான் 20:24). மற்றவர்கள் கண்டதை அவனால் நம்ப முடியவில்லை. ஆனாலும் எட்டு நாளைக்குப் பின்பு, நம்பாதவனாகவே அவர்களோடு உள்ளே இருந்தான். ஆண்டவர் அவனைச் சந்தித்தது அங்கேதான். சந்தேகம் தீர்ந்தபின் சபைக்கு வரலாம் என்றிருப்பவர்களுக்கு இதைவிட ஆறுதலான முன்மாதிரி எனக்குத் தெரியாது.

மனிதர்களால் மனம் புண்பட்டிருந்தால்

சபையில் ஒருவர் சொன்ன சொல்லுக்காகத் தேவனுடைய பந்தியை விட்டு விலகுவது, குற்றம் செய்தவருக்கு நம் ஆராதனையையும் சேர்த்துக் கொடுத்துவிடுவதாகும். பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு, பின்பு வந்து காணிக்கையைச் செலுத்து என்று ஆண்டவர் சொன்னபோது (மத்தேயு 5:23-24), அந்த வசனம் திரும்பி வருவதில் முடிகிறது. சம்பந்தப்பட்டவரிடம் தனியாகப் பேசுங்கள். பயனில்லையென்றால் மூத்தவர் ஒருவரை உடன் அழைத்துக்கொள்ளுங்கள். அது தீரும்வரையிலும் ஆராதனையை நிறுத்தாதீர்கள்.

சபைக்குள் துன்புறுத்தலோ சுரண்டலோ நடந்திருந்தால் நிலைமை வேறு. அங்கிருந்து வெளியேறுவதும், குற்றத்தைச் சட்டத்தின்முன் கொண்டுபோவதும் சரியானவையே. பாதிக்கப்பட்டவரை அதே கூரையின்கீழ் இருக்கச்சொல்லி எவரும் வசனம் காட்டக்கூடாது. ஒரு சபையை விட்டு வெளியேறுவது ஆராதனையை விட்டு வெளியேறுவது ஆகாது. பாதுகாப்பான வேறொரு சபையைக் கண்டடையும்வரை நம்பத்தக்க இருவரோ மூவரோ சேர்ந்து ஜெபிப்பதும், அவர்கள் நடுவிலே இருப்பேன் என்றவரின் வாக்குத்தத்தத்துக்குள் அடங்கும்.

பயணத்திலும் வீட்டுக்குள்ளும்

பயணச்சீட்டு எடுக்கும்போதே போகும் ஊரின் ஆலயத்தையும் ஆராதனை நேரத்தையும் விசாரித்துவிடுங்கள். பிலிப்பிக்குப் போன பவுல், ஓய்வுநாளில் ஜெபம் நடக்கும் இடத்தைத் தேடி ஆற்றங்கரைக்குப் போனார் (அப்போஸ்தலர் 16:13). லீதியாள் என்னும் பெண்ணின் இருதயம் திறக்கப்பட்டது அங்கேதான்.

இணையவழி ஆராதனை, வர இயலாதவர்களுக்குப் பெரும் உதவி. அதைப் பயன்படுத்தவேண்டியவர்கள் ஒலிபரப்பாகும் நேரத்திலேயே, உட்கார்ந்து, பாடவேண்டியபோது பாடி, எழவேண்டியபோது இயன்றால் எழுந்து பங்குகொள்ளட்டும். வேறு வேலை செய்தபடி பின்னணியில் ஓடவிடுவது கேட்பதுமாகாது. எழுந்து வரக்கூடியவர்களுக்கு அது மாற்று அல்ல. அப்பம் பிட்குதலையும் ஒருவரையொருவர் தேற்றுவதையும் திரை வழியாகப் பெறமுடியாது. "சபை கூடிவருதலைச் சிலர் விட்டுவிடுகிறதுபோல நாம் விட்டுவிடாமல்" என்று எபிரெயருக்கு எழுதியவர் (10:25), உடனே ஒருவருக்கொருவர் புத்திசொல்வதைச் சேர்த்துக் கூறுகிறார். நாம் வராத அன்று நமக்கு மட்டும் இழப்பு இல்லை. நம்மிடமிருந்து ஒரு வார்த்தையை எதிர்பார்த்து வந்த ஒருவரும் வெறுமையாய்த் திரும்புகிறார்.

வர இயலாதவர்களை மறவாதிருப்பது சபையின் பங்கு. சுமார் 155ஆம் ஆண்டில் உரோமையில் எழுதிய கிறிஸ்தவ அறிஞர் யுஸ்தீன், ஞாயிறன்று நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஓரிடத்தில் கூடுவதையும், அப்போஸ்தலரின் நினைவுக் குறிப்புகளும் தீர்க்கதரிசிகளின் எழுத்துகளும் வாசிக்கப்படுவதையும், அப்பமும் திராட்சரசமும் பகிரப்படுவதையும் விவரித்தபின், வராதவர்களுக்கு அதன் பங்கு உதவிக்காரர் வழியாகக் கொண்டுபோகப்பட்டது என்று எழுதியிருக்கிறார். படுக்கையில் இருப்பவர்கள் போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ திருவிருந்தைத் தங்கள் வீட்டுக்குக் கொண்டுவரும்படி கேட்கத் தயங்கவேண்டாம். அது தொந்தரவு அல்ல, சபையின் ஆதிகால வழக்கம்.

விட்டவர்கள் திரும்பும்போது

304ஆம் ஆண்டில் வட ஆப்பிரிக்காவின் அபிதினா ஊரைச் சேர்ந்த நாற்பத்தொன்பது கிறிஸ்தவர்கள், கூடுகை தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் ஒரு வீட்டில் ஆராதித்ததற்காகப் பிடிக்கப்பட்டுக் கார்த்தேஜில் விசாரிக்கப்பட்டார்கள். அவர்களில் எமெரித்துஸ் என்பவர், கர்த்தருடைய நாளின் ஆராதனை இல்லாமல் எங்களால் இருக்க முடியாது என்று அதிகாரியிடம் சொன்னார். அந்தச் சொல்லைக் கேட்டு வெட்கப்படுகிறவர், மாதக்கணக்கில் அல்லது ஆண்டுக்கணக்கில் வராதிருந்தவர், எப்படித் திரும்புவது?

வரும் ஞாயிறன்றே திரும்புங்கள். வாழ்க்கையைச் சரிசெய்துகொண்டு வருகிறேன், பண்டிகை நாளில் தொடங்குகிறேன், புத்தாண்டில் தொடங்குகிறேன் என்று நாள் குறிப்பது சாக்கின் கடைசி வடிவம். இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்று யாராவது கேட்டால், "வராமல் இருந்துவிட்டேன், இப்போது வந்திருக்கிறேன்" என்பது போதும். எல்லோருக்கும் விளக்கம் சொல்லவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ஆராதனை முடிந்தபின் போதகரிடம் தனியாகப் பேச ஒரு நேரம் கேளுங்கள். கத்தோலிக்கராக இருந்தால் ஒப்புரவு அருட்சாதனத்துக்குச் செல்லுங்கள். திரும்பிய முதல் வாரத்தைவிட இரண்டாம், மூன்றாம் வாரங்கள் கடினமாயிருக்கும், ஏனெனில் தொடக்கத்தின் உற்சாகம் அதற்குள் தணிந்துவிடும். ஆகவே முதல் ஞாயிறன்றே சபையில் ஒருவரிடம், "அடுத்த வாரம் ஆராதனைக்கு அரைமணி நேரம் முன்பு என்னைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லி, உங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வீடு திரும்புங்கள்.